பழைய கணவாய்ப் பாதைகள்: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு பாதை யாருடையது?

பழம்பாதை

ஸ்னோடன், பென் நெவிஸ், ஸ்கஃபெல் பைக் என்று உச்சிகளைப் பற்றி இங்கே நிறைய இழைகள் வந்துவிட்டன. மலைகளுக்கு நடுவே போகும் பழைய வழிகளுக்கென்று ஓர் இழை வேண்டும் என்று வெகுநாளாக நினைத்தேன். உச்சிக்கு ஏறுபவர் உச்சிக்காகவே ஏறுகிறார். கணவாயைக் கடந்தவருக்கோ அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்திருக்கிறது: சந்தை, சாவு, போர், பிழைப்பு. எனக்குப் பிடித்தது அந்த வழிகள்தான்.

ஸ்காட்லாந்தின் கொரியாரிக் கணவாயிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்க நடந்த 1715 கிளர்ச்சிக்குப் பிறகும் வட ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்ட்ஸ் அடங்கவில்லை என்று லண்டன் அரசு ஜெனரல் ஜார்ஜ் வேடை 1724-இல் அங்கே அனுப்பியது. படைகள் வேகமாக நகரச் சாலையே இல்லை என்பதுதான் அவர் கண்ட முதல் குறை. அடுத்த ஆண்டுகளில் சிப்பாய்களையே வேலைக்கு வைத்துச் சுமார் 400 கிலோமீட்டர் சாலையும், நாற்பது பாலங்கள் வரையும் கட்டினார். அவற்றில் உயரமானது 1731-இல் போட்ட கொரியாரிக் சாலை. லாகன் பக்கமிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரை, 770 மீட்டர் உயரத்தைத் தாண்டிப் போகிறது. கிழக்குச் சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

1745 ஆகஸ்டில், அதே ஸ்டூவர்ட் வம்சத்துக்காக மறுபடி கிளர்ச்சி செய்த இளவரசர் சார்லஸின் படை அந்தக் கணவாயை நோக்கி வந்தது. எதிரே வந்த அரசுத் தளபதி ஜான் கோப், அந்த வளைவுகளில் மேலே எதிரி இருக்கும்போது ஏறுவது தற்கொலை என்று கணக்குப் போட்டு, வடக்கே இன்வெர்னஸ் பக்கம் திரும்பிவிட்டார். தெற்கே வழி திறந்து கிடந்தது. கிளர்ச்சியாளர்களை அடக்கப் போட்ட சாலையிலேயே கிளர்ச்சிப் படை இறங்கி வந்து, அடுத்த மாதம் எடின்பரோவைப் பிடித்தது. சாலை போட்டவர் ஒருவர், நடந்தவர் வேறொருவர்.

என் கேள்வி இதுதான். இப்படிப்பட்ட வழிகளில் இன்று நாம் எந்த உரிமையில் நடக்கிறோம்? யார்க்‌ஷயரில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாதை இருந்தது. இப்போது ஒரு முனையில் கேட் பூட்டியிருக்கிறது, நடுவில் உழுதுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போனதே அந்த வழியாகத்தான் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். வரைபடத்தில் அது இல்லவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே உங்களுக்குப் பிடித்த பழைய வழிகளையும் எழுதுங்கள்.

வடதிசை

நல்ல இழை அண்ணா. ஸ்காட்லாந்துப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜாக்ஸ் ரோடு என்ற வழியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆங்கஸ் பகுதியின் க்ளென் டோலிலிருந்து மலையைக் கடந்து ப்ரேமார் போவது. ஆடு மாடு ஓட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த வழி. 1880-களில் டங்கன் மக்ஃபர்சன் என்பவர் அந்த எஸ்டேட்டை வாங்கினார். மான் வேட்டைக்காகப் பாதையை அடைத்தார். பொதுப்பாதை உரிமைச் சங்கம் வழக்குப் போட்டது. 1845-இல் எடின்பரோவில் தொடங்கிய சங்கம் அது, இன்றும் இயங்குகிறது.

நீதிமன்றத்தில் சங்கத்துக்கு நின்றவர்கள் வக்கீல்கள் மட்டுமல்ல. அந்த வழியாக மந்தை ஓட்டிய முதியவர்கள், மேய்ப்பர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். எந்த வருஷம், எந்தச் சந்தைக்கு, யாரும் தடுத்தார்களா என்று ஒவ்வொருவரும் சொன்னதுதான் ஆதாரம். வழக்கு 1888-இல் லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய், பொதுமக்கள் பக்கம் தீர்ப்பானது. செலவில் சங்கமும் நொடித்தது, மக்ஃபர்சனும் நொடித்தார். பிறகு 1894-இல் வந்த ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டம் பொதுப்பாதைகளைக் காக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்தது.

அதற்கும் முன்னால் 1847-இல் க்ளென் டில்ட்டில் ஒரு மோதல். தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் மாணவர்களோடு செடி கொடி பார்த்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கு வழியாக வர, அதோல் டியூக்கும் அவர் ஆட்களும் மறித்தார்கள். அதுவும் நீதிமன்றம் ஏறியது, டியூக் தோற்றார்.

இன்றைய நிலைமை: 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்போடு நடக்க, சைக்கிள் ஓட்ட, குதிரையில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை விலக்கு. மோட்டார் வண்டிக்கு இது பொருந்தாது. இந்தச் சட்டம் எடின்பரோ நாடாளுமன்றத்திலிருந்து இனாமாக வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மேய்ப்பர்களின் சாட்சியிலிருந்துதான் அதன் வேர் போகிறது.

மழைக்கோட்டு

வடதிசை, ஒரு சின்னக் கேள்வி. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு நடுவே போகும் லாரிக் க்ரூ கணவாய்க்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வடதிசை

முழுவதும் கடப்பது என்றால் வேண்டாம் தம்பி. அவிமோர் பக்கமிருந்து ப்ரேமார் பக்கம் வரை சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் 835 மீட்டர் உயரத்தில் பாறைக் குவியலாகத்தான் இருக்கிறது, அங்கே ஒவ்வொரு காலடியையும் பார்த்து வைக்க வேண்டும். கோடையில்கூட உச்சியில் குளிர் காற்று ஆளைச் சாய்க்கும். 1959 புத்தாண்டு நாளில் நான் மேலே சொன்ன ஜாக்ஸ் ரோட்டில் ஐந்து பேர் பனிப்புயலில் இறந்தார்கள். அனுபவமுள்ள நடையாளர்கள். கணவாய் என்றால் உச்சியை விடச் சுலபம் என்று நினைப்பது தப்பு.

பையனோடு என்றால் அவிமோர் பக்கமிருந்து ரோதிமர்கஸ் பைன் காட்டின் வழியாகக் கணவாய் வாய் வரை போய்த் திரும்புங்கள். அந்தக் காடு ஒன்றே போதும்.

இன்னொரு விஷயம். அந்தப் பாறைகள் மேலேயிருந்து சரிந்துகொண்டே இருக்கும். மந்தை போன காலத்தில் மாடுகளின் கால் ஒடியாமல் இருக்க, வசந்த காலத்தில் ஆள் அனுப்பி வழியிலிருந்து கற்களை அகற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மந்தைகள் ரயில் ஏறின. அத்தோடு அந்த வேலையும் நின்றது. இன்று நாம் தாவித் தாவிப் போகும் பாறைகளில் பல, யாரும் அகற்றாமல் விட்டவை.

கம்ப்ரியக்கரை

சந்தை, சாவு, போர் என்று எழுதியிருந்தீர்கள் பழம்பாதை. சாவு வழிகளைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் வட இங்கிலாந்தில் வரைபடத்தை விரித்தால் அவை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பழைய காலத்தில் ஒவ்வொரு சிற்றூர்த் தேவாலயத்துக்கும் இடுகாடு கிடையாது. புதைக்கும் உரிமை தலைமைத் தேவாலயத்துக்கு மட்டும். அதற்கான கட்டணமும் அங்கேதான் போகும், அதனால் அந்த உரிமையை அவர்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேலில், மேல் பள்ளத்தாக்கில் இருந்த கெல்டிலிருந்து கிரிண்டனுக்குப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சுமார் 26 கிலோமீட்டர் நடந்தார்கள். கனம் குறைய மரப்பெட்டிக்குப் பதில் பிரம்பில் முடைந்த பெட்டி. ஐவ்லெட் பாலத்தருகே பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறும் நீண்ட கல் இன்னும் கிடக்கிறது. 1580-இல் ம்யூக்கரில் ஒரு தேவாலயமும் இடுகாடும் வந்த பிறகுதான் தூரம் குறைந்தது.

மார்டேல் கதை இன்னும் ஒரு படி மேல். அங்கிருந்து குதிரை முதுகில் பிணத்தைக் கட்டி, மலை ஏறி இறங்கி, ஷாப் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மார்டேலுக்கே இடுகாடு கிடைத்தது. கடைசிப் பிணம் மலை கடந்தது 1736-இல். இருநூறு ஆண்டு கழித்து மான்செஸ்டர் நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று ஹாஸ்வாட்டர் ஏரியில் அணை கட்டினார்கள். ஊரே மூழ்கப் போகிறது. இடுகாட்டில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்து 1935-இல் மறுபடி புதைத்தது எங்கே தெரியுமா? ஷாப்பில். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வற்றும்போது அந்த ஊரின் மதில்களும் சின்னப் பாலமும் வெளியே தெரியும், கூட்டம் கூட்டமாகப் பார்க்க வருகிறார்கள். ஆனால் மேலே போகும் அந்தச் சவப்பாதையில் நடப்பவர் குறைவு. என்னைக் கேட்டால் பாதையில்தான் முதலில் நடக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவிலும் இப்படி ஒன்று உண்டு. மேற்குக் கரையின் நல்ல மண்ணிலிருந்து நில உரிமையாளர்கள் மக்களை விரட்டி, கிழக்கே வெறும் பாறையில் குடியேற்றினார்கள். அங்கே குழி தோண்டவே மண் கிடையாது. அதனால் இறந்தவர்களை மறுபடி மேற்குக் கரைக்கே, தங்கள் பழைய நிலத்துக்கே, மலை தாண்டித் தூக்கிவந்து புதைத்தார்கள். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

டப்ளின்வாசி

அயர்லாந்தை விட்டுவிட்டீர்களே, அதனால் வந்தேன்.

கொரியாரிக்குக்கு இங்கே ஒரு தம்பி இருக்கிறான்: விக்லோ மலைகளின் ராணுவச் சாலை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி தோற்ற பிறகும் கிளர்ச்சித் தலைவர் மைக்கேல் ட்வயரும் அவர் ஆட்களும் அந்த மலைகளுக்குள் ஒளிந்து அரசுக்குத் தண்ணி காட்டினார்கள். அவர்களைப் பிடிக்க, டப்ளினை ஒட்டிய ரத்ஃபார்னமிலிருந்து தெற்கே மலைமேலேயே ஒரு சாலை போட 1800-இல் வேலை தொடங்கியது. முடிந்தது 1809-இல். ட்வயரோ 1803-லேயே சரணடைந்துவிட்டார். சாலி கேப் வழியாக இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கார் ஓட்டிப் போகும் சாலை அது. க்ளென்க்ரீயில் அன்றைய படைமுகாம் கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது சமாதான மையமாக.

ஆனால் அயர்லாந்தின் பழைய சாலைகள் என்றால் என் மனதில் வருவது பஞ்சகாலத்துச் சாலைகள். 1840-களின் பெரும்பஞ்சத்தில் சும்மா சோறு போடக்கூடாது, வேலை வாங்கிக் கூலியாகத்தான் தரவேண்டும் என்று அரசு நினைத்தது. பட்டினியில் கிடந்தவர்களைக் கல் உடைக்க வைத்தார்கள். எங்கும் போய்ச் சேராமல் மலைச்சரிவில் பாதியில் நிற்கும் சாலைகள் அப்படி வந்தவை. கார்க், கெரி மாவட்டங்களை இணைக்கும் ஹீலி கணவாயும் 1847-இல் இப்படித் தொடங்கியதுதான். 1920-களின் இறுதியில் அதைச் சீராக்கி முடித்தார்கள். சுதந்திர அயர்லாந்தின் முதல் கவர்னர் ஜெனரல் டிம் ஹீலியின் பெயர் அதற்கு.

மேற்கு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டூலஃப் பள்ளத்தாக்கு. 1849 மார்ச் மாத இறுதி. நிவாரணத்துக்காக லூயிஸ்பர்க்கில் கூடிய பசித்த மக்களை, அதிகாரிகள் டெல்ஃபி விடுதியில் இருக்கிறார்கள், அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குளிரிலும் மழையிலும் 19 கிலோமீட்டர் அளவு நடந்து போனார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பலர் செத்து விழுந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த வழியில் நினைவு நடை நடக்கிறது. 1991-இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு வந்து நடந்தார்.

இப்போது உரிமை விஷயம். ஸ்காட்லாந்து போல இங்கே எதுவும் இல்லை. சட்டப்படி நிரூபிக்கப்பட்ட பொதுப்பாதைகள் மிகக் குறைவு. விக்லோ வே உட்பட நாம் நடக்கும் நீண்ட வழிகளில் பல இடங்கள் விவசாயி அனுமதித்ததால் திறந்திருப்பவை. நண்பர்களே, இதை வெறும் பின்தங்கிய நிலை என்று சொல்லாதீர்கள். நிலத்தைப் பறிகொடுத்து, வாடகைக்கு உழுது, பல தலைமுறை போராடி நிலத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இந்த விவசாயிகள். என் நிலத்தில் யார் வருவது என்று நான்தான் சொல்வேன் என்பதில் அவர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் பாதையை அடைத்தவர் பிரபு. இங்கே கேட்டைப் பூட்டுபவர் பிரபுவிடமிருந்து தப்பியவரின் பேரன்.

பழம்பாதை

டப்ளின்வாசி, நீங்கள் சொன்ன வரலாறு முழுக்க உண்மை, மனதைத் தொட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அனுமதி என்பது ஒருவர் இறந்து மகன் வந்தால் மாறிவிடும். டூலஃப் மக்கள் நடந்த வழி ஒருவருடைய நல்ல மனசை நம்பி இருக்கலாமா?

டப்ளின்வாசி

டூலஃப் வழி இன்று பொதுச்சாலை, அதை யாரும் அடைக்க முடியாது. மற்றவற்றுக்கு 2008-இலிருந்து அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தன் நிலத்தில் போகும் பாதையைப் பராமரிக்கும் விவசாயிக்கு அந்த வேலைக்கான பணம் தருகிறார்கள். வேலிப்படி சரிசெய்வது, புதர் வெட்டுவது எல்லாம் அவரே செய்கிறார். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள், அந்தப் பாதைமேல் அவருக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு மலைக்கு வழி வேண்டும் என்றால் நம் கையில் ஒன்றும் இல்லை என்பது சரிதான். அங்கே நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன்.

கல்பாவி

வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். பழைய பாதைகளில் படிக்கட்டு போலக் கல் பாவி வைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? லேக் டிஸ்ட்ரிக்டில் ஹெலிகாப்டரில் கல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிப் பாதை போடுகிறார்கள். மலையின் இயல்பே போய்விட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள்.

நான் தன்னார்வலராக அந்த வேலை செய்பவன், அதனால் என் பக்கம் வெளிப்படை. ஆயிரக்கணக்கான காலணிகள் ஒரே சரிவில் ஏறினால் புல் செத்து, மண் மழையில் ஓடி, வழி ஓடையாகிவிடும். அந்த ஓடையை விட்டு ஆட்கள் பக்கத்தில் நடக்க, காயம் அகலமாகும். பென்னைன் வேயில் அதுதான் நடந்தது. வட இங்கிலாந்தின் மலைகள் வழியாகப் போகும், 1965-இல் திறந்த 430 கிலோமீட்டர் நடைவழி அது. கரிச்சதுப்பில் சில இடங்களில் பாதை சாலை அகலத்துக்குச் சேறாகிவிட்டது. பிறகு இடித்த லங்காஷயர் பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து வரிசையாகப் பதித்தார்கள். உற்றுப் பார்த்தால் சில கற்களில் பழைய இயந்திரங்கள் முடுக்கிய துளைகள் தெரியும். இருபுறமும் பஞ்சுப்புல் மறுபடி முளைத்துவிட்டது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இயல்பு மிஞ்சியிருக்காது, சேறுதான் மிஞ்சியிருக்கும்.

கம்ப்ரியக்கரை

கல்பாவிக்கு என் ஆதரவு. பாதையில் கல் பதிப்பது நேற்று வந்த வழக்கமா என்ன? மேலே ஹை ஸ்ட்ரீட் மலைமுகட்டில், 800 மீட்டருக்கு மேல், ரோமானியச் சாலை போகிறது. ஹார்ட்னாட் கோட்டையில் டால்மேஷியாவிலிருந்து வந்த படைவீரர்களைக் குடிவைத்தவர்கள் அந்தக் கணவாய்க்கும் சாலை போட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். யார்க்‌ஷயரின் மாஸ்டைல்ஸ் லேன் மாதிரி வழிகளில் நான்கு சக்கர வண்டியும் மோட்டார் பைக்கும். ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் கில்ன்ஸியிலிருந்து மாலம் பக்கம் ஆடு ஓட்டிய புல்வழி அது. டயர்கள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தன. இப்போது அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை. 2006 சட்டமும் வந்து, முன்பு வண்டிப்பாதை என்று பதிவாகாத பல வழிகளில் மோட்டார் உரிமையை நீக்கியது. நல்ல வேலை.

மழைக்கோட்டு

நான் பைக் ஓட்டுபவன். எல்லோரும் பள்ளம் பறிப்பவர்கள் இல்லை. மழைக்காலத்தில் போகாமல், மெதுவாக, சட்டம் அனுமதித்த வழியில் மட்டும் போகும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சந்தைக்கு வண்டி போன வழி என்று சொல்லிவிட்டு இன்றைய வண்டிக்கு மட்டும் கூடாது என்றால் எப்படி? ஆனாலும் மாஸ்டைல்ஸ் லேனில் தடை சரிதான். அந்தப் புல் தாங்காது.

நிலவரைபடம்

பழம்பாதையின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் பொதுப்பாதைகளுக்கு அதிகாரபூர்வ வரைபடம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று வந்தது. அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் பச்சைப் புள்ளிக்கோடுகள் அதிலிருந்து வருபவை. ஆனால் அந்த வேலை பல இடங்களில் அரைகுறையாக நடந்தது. ஊர்ச் சபையில் நில உரிமையாளரே உட்கார்ந்திருந்தால் எந்தப் பாதை விடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் நடையாளர்களின் சங்கமான ராம்ப்ளர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 49,000 மைலுக்கு மேல் விடுபட்ட பாதைகள் கிடைத்தன.

முக்கியமான சட்டக் கொள்கை: ஒருமுறை பொதுவழி என்றால் என்றும் பொதுவழிதான். முறைப்படி மூடினாலொழிய, யாரும் நடக்காததாலோ பூட்டியதாலோ உரிமை சாகாது. பதிவாகாத பழைய பாதைகளுக்கு 2026 கெடு என்று 2000-இல் ஒரு சட்டம் வைத்தது, பிறகு அது 2031-க்குத் தள்ளிப்போனது. அந்தக் கெடுவையே நீக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, மக்களின் சாட்சி. 20 ஆண்டு யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிந்து போகாமல், சண்டை போடாமல் மக்கள் நடந்திருந்தால் 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி அது பொதுப்பாதையாகக் கருதப்படும், உரிமையாளர் இதைப் பொதுப்பாதையாக விடவில்லை என்று அந்தக் காலத்திலேயே காட்டியிருந்தாலொழிய. அந்த 20 ஆண்டை, கேட் பூட்டியது போலப் பாதை முதலில் கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா, அவரோடு படித்தவர்கள், நாய் கூட்டிப் போனவர்கள் எல்லோரிடமும் கவுன்சிலின் சாட்சிப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, வாரத்துக்கு எத்தனை முறை, கேட் இருந்ததா, பூட்டு இருந்ததா, எல்லாம் எழுத வேண்டும். வயதானவர்களை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஆவணம். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுத்த தசமபாக வரிக்கான வரைபடங்கள், பொதுநிலத்தை வேலிபோட்டுப் பிரித்த காலத்து ஆணைகள், பழைய எஸ்டேட் வரைபடங்கள் மாவட்ட ஆவணக்காப்பகத்தில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது 1910 நிதிச் சட்டத்துக்காக எடுத்த நில மதிப்பீடு. அப்போது நாடு முழுவதும் ஒவ்வொரு மனையையும் வண்ணமிட்டு வரைந்தார்கள். பொதுச்சாலைகளை வண்ணமிடாமல் வெள்ளையாக விட்டார்கள். தன் நிலத்தில் பொதுப்பாதை போகிறது என்று சொன்னால் நில உரிமையாளருக்கு மதிப்பில் கழிவு கிடைக்கும். அந்தக் கழிவு குறிப்பேட்டில் பதிவாகியிருந்தால், பாதை இருந்ததை அன்றைய உரிமையாளரே ஒப்புக்கொண்டார் என்று கொள்ளலாம். அந்த வரைபடங்களும் குறிப்பேடுகளும் லண்டன் க்யூவில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

பயந்து விடாதீர்கள். ஈஸ்ட் சசெக்ஸில் ஃப்ரேம்ஃபீல்ட் 9 என்ற பாதையை ஒரு பெரும் பணக்காரரின் எஸ்டேட் முள்கம்பியும் பழைய குளிர்பதனப் பெட்டிகளும் வைத்து மறித்தது, குறுக்கே கொட்டகையே கட்டியது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2003-இல் அது திறந்தது.

பழம்பாதை

மிக்க நன்றி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம்: 1910 குறிப்பேட்டில் கழிவு இருந்து, பாதை எந்த வழியாகப் போனது என்று வரைந்து காட்டவில்லை என்றால்?

நிலவரைபடம்

பல இடங்களில் அப்படித்தான் இருக்கும். அதே மனைக்கு 25 அங்குல அளவு (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) கொண்ட பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை எடுங்கள். அதில் இரட்டைப் புள்ளிக்கோட்டில் ஒரே ஒரு பாதை மட்டும் அந்த மனையைக் கடந்தால், கழிவு எந்தப் பாதைக்கு என்று வாதிடலாம். வரைபடம் மட்டும் உரிமையைக் காட்டாது, பாதை தரையில் இருந்ததைத்தான் காட்டும். குறிப்பேடு மட்டும் இடத்தைக் காட்டாது. இரண்டையும் சேர்த்து, அந்த அம்மாவின் படிவத்தோடு விண்ணப்பியுங்கள். ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி இணையதளத்தில் இங்கிலாந்துக்கான பழைய 25 அங்குல வரைபடங்களும் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. மனை எண் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், க்யூவில் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.